பயிற்சி தர வருவோர் யார்? – நிறுவனத்தின் தலைவர்களையும் ஊழியரையும் அறிந்துகொள்ள ஒரு பாடம்



இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் வாசலுக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். ஒருவர் பெயர் பதிகிறார், ஒருவர் படம் எடுக்கிறார், இன்னொருவர் பயிற்சி வகுப்புக்கு அழைக்கிறார். சில மாதங்கள் கழித்து அவர்கள் வருவது நின்றுவிடுகிறது. “அந்தக் கந்தோர் மூடிட்டாங்களாம்” என்ற செய்தி மட்டும் காற்றோடு வருகிறது. அவர்கள் யார், அவர்களை அனுப்பியது யார், அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்பவற்றை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. உதவி செய்ய வந்தவரிடம் கேள்வி கேட்பது மரியாதையல்ல என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயுள்ளது.

இறக்காமம், வரிப்பத்தாஞ்சேனை, மாணிக்கமடு போன்ற ஊர்களின் வாழ்வு குளத்தையும் வயலையும் சுற்றியது. 1990ஆம் ஆண்டை அடுத்து வந்த வன்செயல் காலத்தில் அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் விவசாயக் குடும்பங்கள் பல தமது வயலையும் வளவையும் விட்டு அகன்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் மிக அதிகமானோர் இறந்த மாவட்டம் இதுவே. அதன் பின்னர் கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக எழுந்தன. இன்று அவற்றுட் பல இல்லை. ஆயினும் பயிற்சி தரும் நிறுவனங்கள் இன்னும் வருகின்றன, இனியும் வரும். அவற்றை நடத்துவோரைப் பற்றி நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றையே இப்பாடத்தில் நோக்குவோம். மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, இளைஞர் கழகம் ஆகியவற்றில் கூடியிருந்து வாசிப்பதற்கு ஏற்றவாறு இது பிரித்து எழுதப்பட்டுள்ளது.

1. சமூகசேவைப் பயிற்சி என்பது யாது?

நிவாரணம் வேறு, பயிற்சி வேறு. அரிசியும் பருப்பும் கொடுப்பது நிவாரணம். அது உண்டு முடிந்ததும் தீர்ந்துபோகும். முன்பள்ளி ஆசிரியை, சுகாதாரத் தொண்டர், மனத்துயர் அடைந்தோருக்குத் துணைநிற்கும் ஆலோசகர், சேமிப்புக் குழுவின் கணக்கு எழுதுபவர், நிலப் பத்திரங்களை வாசித்து விளக்கக் கூடியவர் ஆகியோரை ஊருக்குள்ளேயே உருவாக்குவது சமூகசேவைப் பயிற்சி. நிறுவனம் போன பின்பும் அவர்கள் ஊரில் இருப்பார்கள். இருக்க வேண்டும்.

பயிற்சி இலவசம் என்று அழைப்பிதழிலே எழுதியிருக்கும். ஆனால் விவசாயக் குடும்பத்துக்கு எதுவும் இலவசமல்ல. ஒருநாள் பயிற்சி என்பது ஒருநாள் கூலி. அறுவடைக் காலத்தில் அது அதைவிடப் பெரிய இழப்பு. பின்வரும் பேச்சு பலருக்கும் பழக்கமானதாக இருக்கும்:

“காக்கா, நாளைக்குக் காலையில பயிற்சி இருக்கு. கட்டாயம் வந்திடுங்க.”

“நாளைக்கு வயலுக்கு வெட்டுற மெசின் வருது தம்பி. நாளைய விட்டா அடுத்தது எப்ப வருமோ தெரியாது.”

“அப்ப வீட்டுல இருந்து யாரையாவது அனுப்புங்க காக்கா. ஆள் கணக்குக் காட்டணும்.”

இங்கே அந்த இளைஞன் கெட்டவனல்லன். அவனுக்கு மேலிருந்து வந்த கட்டளை, இத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுவதே. யார் வந்தார், என்ன கற்றார் என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. எனவே அவனைக் கோபிப்பதை விட, அவனுக்கு மேலே இருப்பவர்கள் யார் என்று பார்ப்பதே பயனுள்ளது.

2. மேலிருந்து கீழ் வரை: யார், என்ன பொறுப்பு?

பெரும்பாலான பயிற்சி நிறுவனங்களில் பின்வரும் படிநிலைகளைக் காணலாம்.

அ. நிருவாக சபை. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் ஆகியோர் இதில் அடங்குவர். நிறுவனத்தின் நோக்கத்தைக் காப்பதும், வரவு செலவை அங்கீகரிப்பதும், பணிப்பாளரை நியமிப்பதும், தேவையானால் நீக்குவதும் இவர்களின் கடமை. இவர்கள் சம்பளம் பெறாதிருப்பதே பொதுவான வழக்கம். ஒரே குடும்பத்தவர் சபையை நிரப்பியிருந்தால் பணிப்பாளரைக் கேள்வி கேட்க ஆளிராது.

ஆ. பணிப்பாளர். நாளாந்த வேலைகளுக்குப் பொறுப்பானவர். நிதி தேடுவதும், திட்டம் எழுதுவதும், ஊழியரை நியமிப்பதும் இவருடைய பணி.

இ. கணக்காளர். நன்கொடையாகக் கிடைத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருப்பவர். வருடாந்தம் வெளியார் ஒருவர் வந்து கணக்காய்வு செய்தல் வேண்டும்.

ஈ. இணைப்பாளரும் பயிற்றுநரும். பாடத்தைத் தயாரித்து நடத்துவோர்.

உ. வெளிக்கள உத்தியோகத்தர். நமது வாசலுக்கு வருபவர் இவரே. படியேணியில் கடைசியில் இருப்பவர், சம்பளத்திலும் கடைசியில் இருப்பவர். ஆனால் நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதை மக்கள் தீர்மானிப்பது இவரைக் கொண்டுதான்.

ஊ. தொண்டர். நம் ஊரில் இருந்தே எடுக்கப்படுபவர். சிறு படி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இதை நமது வயலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வட்டவிதானை வாய்க்கால் வழியே நடந்து, எந்த வரவை காய்ந்திருக்கிறது, எந்த மடை உடைந்திருக்கிறது என்று பார்த்துத் தண்ணீரைப் பங்கிடுபவர். முற்காலத்தில் விவசாயிகளே அறுவடையின்போது நெல்லாக அவருக்குப் பங்கு கொடுத்தனர். அதனால் கடைமடை காய்ந்தால் அவருடைய கூலியும் காய்ந்தது. அவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

வெளிக்கள உத்தியோகத்தரும் வட்டவிதானையைப் போலவே ஊரெல்லாம் நடக்கிறார். ஆனால் அவருடைய சம்பளம் தூரத்திலிருந்து வருகிறது. நன்கொடையாளரிடமிருந்து தலைமைக் கந்தோருக்கும், அங்கிருந்து மாவட்டக் கந்தோருக்கும், பின்னர் அவருக்கும் வருகிறது. பணம் கீழ்நோக்கி வருகிறது, அறிக்கை மேல்நோக்கிப் போகிறது. நம்மிடம் கணக்குச் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இக்குறை தனிமனிதரின் குணத்தால் வந்ததன்று, அமைப்பு முறையால் வந்தது. நல்ல தலைவர்கள் இதை உணர்ந்து, கணக்கு மக்கள் பக்கமும் திரும்பும்படி ஏற்பாடு செய்கிறார்கள். அவ்வாறு செய்தோரிடமிருந்தும், செய்ய முயன்று இடர்ப்பட்டோரிடமிருந்தும் சில பாடங்களைக் கற்போம்.

3. தலைமையின் பாடம்: சர்வோதயம்

இலங்கையில் கிராமத்தவருக்குப் பயிற்சியளிக்கும் அமைப்புகளில் மிகப் பெரியது சர்வோதய சிரமதான இயக்கம். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குச் சென்றார். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமம் அது. மாணவர் அங்கே தங்கி அம்மக்களோடு சேர்ந்து உடலுழைப்புச் செய்தனர். நகரத்துப் பிள்ளைகள் கிராமத்துக்குக் கற்பிக்கப் போகவில்லை, கிராமத்திடம் கற்கப் போனார்கள் என்பதே இதிலுள்ள முக்கிய செய்தி.

பின்னர் இவ்வியக்கம் மொறட்டுவையில் தலைமையகமும் பயிற்சி நிலையமும் அமைத்தது. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1972இல் இயக்கம் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. 15,000 கிராமங்கள் வரை தாம் எட்டியதாக இயக்கத்தவர் கூறுவர்.

அவர்களது முறையை ஐந்து படிகளாகச் சொல்லலாம். முதலில் சிரமதானம். அடுத்து ஊரிலே தாய்மார், இளைஞர், சிறுவர், விவசாயிகள் என்று குழுக்கள் அமைத்துப் பயிற்சியளித்தல். மூன்றாவதாக ஊரின் சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்தல். நான்காவதாக வருமானம் தரும் தொழில்கள். ஐந்தாவதாக, தன் காலில் நிற்கும் ஊர் அயலூருக்கு உதவுதல். இதில் மூன்றாவது படியைக் கவனியுங்கள். ஊர்ச் சங்கம் தன் பெயரிலேயே பதிவுபெற்றுத் தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்திருக்கும்போது, தலைமைக் கந்தோர் நாளை இல்லாமற் போனாலும் ஊர்ச் சங்கம் இருக்கும்.

ஆயினும் சர்வோதயத்தின் வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து இயக்கத்துக்கு நிதி வழங்கினர். நிதி பெருகியபோது சம்பளம் பெறும் ஊழியரும் பெருகினர். திட்டம், இலக்கு, அறிக்கை, கண்காணிப்பு என்பவற்றை நன்கொடையாளர் மேலும் மேலும் கேட்டனர். நாம் ஓர் இயக்கம், பொருள் விநியோகிக்கும் கந்தோர் அல்லோம் என்று இயக்கத்தவர் வாதிட்டனர். இழுபறி முற்றி 1990களின் முற்பகுதியில் நிதி பெருமளவு குறைந்தது. ஊழியர் பெருந்தொகையினர் வேலை இழந்தனர். எனினும் இயக்கம் அழியவில்லை. ஊர்ச் சங்கங்கள் வேரூன்றிய இடங்களில் வேலை தொடர்ந்தது.

இன்னொரு விடயம் தலைமைத்துவ மாற்றம். ஒருவரால் தொடங்கப்பட்ட அமைப்புகளில் தொடங்கியவருக்குப் பின் யார் என்ற கேள்வி எப்போதும் உண்டு. சர்வோதயத்தில் ஆரியரத்னவின் மகனான வைத்தியர் வின்யா ஆரியரத்ன தந்தை உயிரோடிருக்கும்போதே பொறுப்புகளை ஏற்றார். ஆரியரத்ன 2024 ஏப்ரல் 16ஆம் திகதி தமது 92ஆவது வயதில் காலமானபோது இயக்கம் தடுமாறாதிருந்ததற்கு இந்த முன்னேற்பாடும் ஒரு காரணம் எனலாம். மகனிடம் போவதுதான் சரியான வழியா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் எந்த ஏற்பாடும் இல்லாமல் ஒரு தலைவர் மறைந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். சாவி யாரிடம், காசோலைப் புத்தகம் யாரிடம் என்ற சண்டையிலே நிறுவனம் முடிந்துபோகும்.

இதிலிருந்து கற்பவை: தலைவர் மக்களோடு உழைத்துத் தொடங்கினாரா என்று பாருங்கள். ஊருக்கென்று ஒரு சங்கத்தை விட்டுச்செல்கிறார்களா என்று பாருங்கள். ஒரே நன்கொடையாளரை நம்பியிருக்கும் நிறுவனம் ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதை மறவாதீர்கள்.

4. ஊழியரின் பாடம்: கல்லோயா

இது நமது மாவட்டத்தின் கதை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் முப்பது ஆண்டுகளில் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைமடைக்காரர் தண்ணீரை வீணாக்கக் கடைமடைக்காரர் காய்ந்தனர். 1980களின் தொடக்கத்தில் இடதுகரைப் பகுதியைப் புனரமைக்கும் வேலை நடைபெற்றது. அதில் விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் பொறுப்பை 1972இல் அமைக்கப்பட்ட கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகம் ஏற்றது. இது அரச நிறுவகம், தொண்டு நிறுவனமல்ல. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொவ் என்பவரும் அவருடைய தோழரும் துணைநின்றனர்.

அவர்கள் செய்த வேலை எளிமையானது. படித்து வேலையற்றிருந்த இளைஞர், யுவதிகளைத் தெரிந்தெடுத்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, 1981இல் விவசாயிகளின் நடுவே வாழ அனுப்பினர். அவர்களுக்கு அமைப்பாளர் என்று பெயர். கொடுப்பதற்கு அவர்கள் கையில் பணமும் இல்லை, விதைநெல்லும் இல்லை, பசளையும் இல்லை. வீடு வீடாகச் சென்று பேசினர், வாய்க்கால் வழியே நடந்தனர். “சங்கம் அமையுங்கள், தலைவரைத் தெரியுங்கள்” என்று அவர்கள் தொடங்கவில்லை. “இந்த வாய்க்காலுக்கு இப்போது என்ன செய்யலாம்?” என்று கேட்டுத் தொடங்கினர். முதலில் வேலை, பின்னர்தான் அமைப்பு.

1981 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவு. சண்டை மூளும் என்று அதிகாரிகள் அஞ்சினர். ஆனால் ஒரே வாய்க்காலைச் சேர்ந்த விவசாயிகள் கூடி, பல்லாண்டுகளாகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களைத் தாமாகவே துப்புரவு செய்தனர், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினர், மிச்சத்தைக் கீழ்மடைக்கு விட்டனர். தலைமடையில் இருந்தோர் ஒரு மொழி பேசினர், கடைமடையில் இருந்தோர் வேறு மொழி பேசினர் என்ற இடங்களிலும் இது நடந்தது. விவசாயிகளின் பிரதிநிதிகள் போட்டித் தேர்தலால் அல்லாமல் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒருவராகத் தெரியப்பட்டனர்.

அமைப்பாளர்களிடம் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று இருந்தது. விவசாயிக்காக அவர்கள் அதிகாரியிடம் பேசுவதில்லை, விவசாயியே பேசுவதற்குத் துணைநின்றனர். இது முதலில் மெதுவான வழியாகத் தோன்றும். ஆனால் அமைப்பாளர் போனபின் பேசுவதற்கு வாய் ஊரிலே இருக்கும்.

குறையும் இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப்படவில்லை. ஆசிரியர் நியமனம் போன்ற நிரந்தர வேலை கிடைத்தபோது ஒருவர் பின் ஒருவராகப் பெரும்பாலானோர் விலகினர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீட்டில் தங்கையின் கலியாணமும் வயதான பெற்றோரும் இருக்கும்போது தற்காலிகச் சம்பளத்தை நம்பி எவ்வளவு காலம் இருப்பது? புதியவரைப் பயிற்றுவதும், அவர் ஊரின் நம்பிக்கையைப் பெறுவதும், பின்னர் அவரும் போவதுமாக வேலை பலமுறை பின்னடைந்தது.

ஆழிப்பேரலைக்குப் பிற்பட்ட காலத்தில் நமது கரையோரத்தில் இதன் இன்னொரு வடிவத்தைக் கண்டோம். பெரிய நிறுவனங்கள் கூடிய சம்பளத்தோடு வந்தபோது, சிறிய உள்ளூர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த ஊழியர் அங்கே சென்றனர். திட்டம் முடிந்து பெரிய நிறுவனம் போனது. அந்த ஊழியருக்கு வேலை இல்லை, சிறிய அமைப்பும் நொடிந்துபோனது.

இதிலிருந்து கற்பவை: வெறுங்கையோடு வந்து காது கொடுத்துக் கேட்கும் ஊழியர், பை நிறையப் பொருளோடு வந்து அவசரப்படும் ஊழியரை விடப் பெறுமதியானவர். ஆனால் அவருக்கும் வயிறு உண்டு. ஊழியரை நிலைக்கவைக்காத நிறுவனம் நம்மையும் நிலைக்கவைக்காது.

5. தெரிவின் பாடம்: பயிற்சிக்கு யாரை அனுப்புவது?

1959இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின், அதாவது இன்றைய பங்களாதேசத்தின், குமிலாவில் அக்தர் ஹமீட் கான் என்பவர் ஒரு கிராம அபிவிருத்திக் கல்வி நிலையத்தை நடத்தத் தொடங்கினார். அவர் உயர் பதவியைத் துறந்து பூட்டுத் தொழிலாளியாகவும் சிலகாலம் உழைத்துப் பார்த்தவர். ஊர்களுக்கு விரிவாக்க உத்தியோகத்தரை அனுப்பும் பழைய முறை பயன்தரவில்லை என்று அவர் கண்டார். அதனால் வழியைத் திருப்பினார். ஒவ்வோர் ஊரின் கூட்டுறவுக் குழுவும் தன்னிடையே உள்ள ஒருவரைத் தெரிந்து நிலையத்துக்கு அனுப்பும். அவர் வாரம் ஒருமுறை வந்து கற்பார், திரும்பிப் போய்த் தன் குழுவின் வாராந்தக் கூட்டத்திலே சொல்லிக்கொடுப்பார். குழுவுக்குப் பிடிக்கவில்லையானால் வேறொருவரை அனுப்பும். ஆசிரியரும் அந்த ஊரவர், விவசாயியும் அந்த ஊரவர். நாளை அவர் எங்கும் மாற்றலாகிப் போகமாட்டார்.

இங்கே நாம் எவ்வாறு தெரிகிறோம்? பெரும்பாலும் கிராம உத்தியோகத்தரோ சங்கத் தலைவரோ ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுத்துவிடுகிறார். அதே நாலு பேர் எல்லாப் பயிற்சிக்கும் போகிறார்கள். சான்றிதழ்கள் அவர்கள் வீட்டிலே சேர்கின்றன, அறிவு ஊருக்கு வருவதில்லை. விதவைப் பெண்கள், கூலிக்குப் போவோர், எழுத வாசிக்கக் கூச்சப்படுவோர் ஆகியோர் பட்டியலிலே இடம்பெறுவதில்லை.

எனவே பயிற்சிக்கு ஆள் கேட்டால் மூன்று நாள் அவகாசம் கேளுங்கள். குழுவைக் கூட்டுங்கள். போகிறவர் திரும்பிவந்து எந்த நாளில், யாருக்கு, என்ன சொல்லித் தருவார் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் போயிருக்கும் நாளில் அவருடைய பிள்ளையைப் பார்ப்பவர் யார், வரம்பு கட்டுபவர் யார் என்பதையும் குழுவே ஒழுங்குசெய்தால், தாய்மாரும் போகக்கூடியதாயிருக்கும்.

6. இடம்பெயர்ந்தோரே ஊழியராகும்போது

இடம்பெயர்ந்தவர் எப்போதும் பெறுபவர், கொடுப்பவர் வேறொருவர் என்ற எண்ணத்தை மாற்றிய ஓர் அமைப்பு தமிழ்நாட்டில் இயங்குகிறது. 1983இன் இன வன்செயலைத் தொடர்ந்து இந்தியாவுக்குச் சென்ற ஈழ அகதிகளுக்காக 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கப்பட்டது. தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகனான எஸ். சி. சந்திரகாசன் அதனைத் தொடங்கியவர். அதில் பணிபுரிந்தோர் பெரும்பாலும் அகதிகளே. முகாமிலே வாழ்ந்துகொண்டே முகாமுக்குப் பணிசெய்தனர். பிள்ளைகளின் கல்வி, தாய்சேய் போசாக்கு, மன ஆறுதல், கணனி, கைத்தொழில் என்று பயிற்சிகள் நடந்தன. ஒருநாள் ஊர் திரும்புவோம், அன்று வெறுங்கையோடு போகாமல் ஊரைக் கட்டியெழுப்பும் ஆற்றலோடு போவோம் என்பதே அவர்களின் எண்ணம்.

2004இல் ஆழிப்பேரலை தமிழ்நாட்டின் கரையையும் தாக்கியபோது, பயிற்சி பெற்றிருந்த அகதிகள் தாமே முன்வந்து பாதிக்கப்பட்ட அந்நாட்டு மக்களுக்குத் துணைசெய்யச் சென்றனர். இருபது ஆண்டுகளாக உதவி பெற்றவர்கள் உதவி கொடுத்தவர்களாயினர். பயிற்சியின் பலனை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

நம்மிடையே இருந்து ஒருவர் ஊழியராகும்போது நன்மை அதிகம். மழையில் கூரை ஒழுகும் வீட்டின் துன்பம் அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயினும் சங்கடமும் உண்டு. மச்சான், மாமி, பக்கத்து வளவு ராத்தா என்று எல்லாரும் அவரிடம் கேட்பார்கள். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால் பழி அவர்மீதே விழும். ஆகவே யாருக்கு எது என்பதைத் தீர்மானிக்கும் பாரத்தை அவர் தலையிலே மட்டும் வைக்கக் கூடாது. தெரிவு விதிகளை எழுதிப் பொது இடத்தில் ஒட்டிவிட்டால் அவரும் பிழைப்பார், உறவும் பிழைக்கும்.

7. ஊழியரின் உரிமையும் நமது உரிமையும்

நமது பிள்ளைகளில் பலர் இத்தகைய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில. நியமனக் கடிதம் எழுத்தில் பெறவேண்டும். சம்பளம் பெறும் ஊழியருக்காக ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் தம் சம்பளத்திலிருந்து 8 வீதமும் செலுத்துதல் பொது விதி. அத்தோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் 3 வீதம் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 ஊழியர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டுகள் வேலைசெய்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. “தொண்டு நிறுவனம்தானே” என்று சொல்லி இவற்றை மறுப்பது தொண்டாகாது.

நமது உரிமைகளையும் நோக்குவோம். முதலாவது, நிவாரணமோ பயிற்சியோ எவருடைய தயவும் அல்ல. அதற்குக் கைமாறாகப் பணமோ, வேலையோ, வேறெதுவோ எந்த ஊழியரும் கேட்கக்கூடாது. பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தகாத முறையில் நடந்துகொள்வோரைப் பற்றி வாய்மூடியிருப்பது மானத்தைக் காப்பதாகாது, அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆபத்தில் விடுவதாகும். முறைப்பாட்டை அந்த உத்தியோகத்தரின் ஊடாக அல்லாமல் பணிப்பாளருக்கோ நிருவாக சபைக்கோ நேரே தெரிவிக்கும் வழி இருக்க வேண்டும். குற்றச் செயலானால் பொலிசுக்கும் போகலாம்.

இரண்டாவது, கேட்டறியும் உரிமை. சமூகசேவை அமைப்புகளின் பதிவும் மேற்பார்வையும் பற்றிய சட்டம் 1980இல் வந்தது. எனவே பதிவு இலக்கத்தைக் கேட்பது நமது வேலையே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரசாங்கத்திடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச அமைப்பிடமிருந்தோ பெருமளவு நிதிபெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும் அச்சேவை தொடர்பான தகவலைத் தரக் கடமைப்பட்டவை. விண்ணப்பத்தின் மீது 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

8. நிறுவனம் ஒன்று ஊருக்கு வந்தால் கேட்கவேண்டியவை

இவற்றைச் சண்டைக்காரராய் அல்லாமல், ஒரு தேநீரைக் கொடுத்து அமைதியாகக் கேட்கலாம். நல்ல ஊழியர் இக்கேள்விகளை விரும்புவார்.

• உங்கள் நிறுவனத்தின் பதிவு இலக்கம் என்ன? நிருவாக சபையில் யார் யார்? அவர்களில் எத்தனை பேர் இம்மாவட்டத்தவர், எத்தனை பேர் பெண்கள்?

• இத்திட்டத்துக்குப் பணம் தருபவர் யார்? எத்தனை மாதத்துக்கு?

• முடிந்த பின் யார் இங்கே தொடர்வார்?

• பயிற்சி நாட்களைப் பெரும்போக, சிறுபோக வேலைகளுக்கு ஏற்ப வைப்பீர்களா? ஐவேளைத் தொழுகை நேரம், கோயில் திருவிழா, பாடசாலைப் பரீட்சை ஆகியவை கவனிக்கப்பட்டுள்ளனவா?

• பெண்கள் வந்து கற்கத்தக்க இடமும், பெண் பயிற்றுநரும் உண்டா?

• நாங்கள் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது? எங்கள் படத்தை எங்கே பயன்படுத்துவீர்கள்?

• உங்களைப் பற்றிக் குறைசொல்ல விரும்பினால் யாரிடம் சொல்வது?

கடைசிக் கேள்வியே உரைகல். அதற்குத் தயங்காமல் ஒரு பெயரையும் இலக்கத்தையும் எழுதித் தரும் ஊழியரின் பின்னால் ஒரு நல்ல தலைமை இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

9. குழுவாகக் கலந்துரையாட

அ. கடந்த ஐந்து ஆண்டுகளில் நமது ஊரில் நடந்த பயிற்சிகளைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் எதனால் இன்று ஊரில் ஒருவர் வேலைசெய்கிறார்?

ஆ. எல்லாப் பயிற்சிக்கும் போனவர் யார்? ஒன்றுக்கும் போகாதவர் யார்? ஏன்?

இ. நம்மிடையே உள்ள தொண்டர் ஒருவருக்கு நாம் எவ்வகையில் துணைசெய்யலாம்? வட்டவிதானைக்கு அன்று நெல் கொடுத்ததுபோல், இன்று நாம் எதைக் கொடுக்க முடியும்?

ஈ. நமது கமக்காரர் அமைப்பு அல்லது மாதர் சங்கம் பதிவு பெற்றுள்ளதா? கமக்காரர் அமைப்புகளை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யலாம். இது பற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கும் பொறுப்பை யார் ஏற்பார்?

உ. நமது சங்கத்தின் தலைவரும் பொருளாளரும் நமக்குக் கணக்குக் காட்டுகிறார்களா? பிறரிடம் கேட்கும் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்க வேண்டுமல்லவா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கொப்பியை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊருக்கு வரும் நிறுவனத்தின் பெயர், வந்தவரின் பெயர், சொன்ன வாக்கு, நடந்த நாள் என்று நாலு வரியாகக் கோடு கீறி, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதை வாசித்தால், எந்த நிறுவனத்துக்கு மீண்டும் கதவைத் திறப்பது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.